மஸ்கி மீன்பிடிக்கப் புதிதாக இறங்குகிறேன். முதலில் என்ன வாங்க வேண்டும்?

மினியாபொலிஸில் இருக்கிறீர்கள், வாலாய், பாஸ் போன்ற சிறிய மீன்களைப் பிடித்துப் பழகிவிட்டீர்கள், வரும் ஜூனில் மஸ்கிக்கு, அதாவது கூர்பல் உள்ள அந்தப் பெரிய வேட்டை மீனுக்கு, போக 600 டாலர் ஒதுக்கியிருக்கிறீர்கள். கையில் இருக்கும் பாஸ் ராடு (தூண்டில் கோல்) போதுமா, எந்தெந்த லூர் (செயற்கை இரை) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாஸ் ராடு போதாது. லூர் மூன்று போதும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் வாங்க வேண்டியவை உங்கள் பட்டியலிலேயே இல்லை: பெரிய வலை, நீளமான நோஸ் பிளேயர், தூண்டில்முள்ளை வெட்டும் கட்டர்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் மஸ்கியை நான் அப்படித்தான் பாழாக்கினேன். எட்டு வருடத்துக்கு முன்பு, ஆகஸ்ட் மாதம், மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி. நண்பரின் படகு. பாஸ் ராடு, வாலாய்க்கு வைத்திருந்த சின்ன வலை, பெட்டியில் கிடந்த சாதாரண கட்டிங் பிளேயர். 40 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த மீன். மெல்லிய நரம்பு (தூண்டில் நூல்) அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அதை வெகுநேரம் இழுக்கவிட்டுக் களைப்பாக்கினோம். வலைக்குள் தலை மட்டும்தான் போனது. உடம்பு வெளியே துள்ள, இரண்டு முள் வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டன, ஒன்று செவுளுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. படகுக்குள் போட்டு முள்ளைக் கழற்றுவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிட்டது. தண்ணீரில் விட்டதும் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. அரைமணி நேரம் வாலைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தோம். கடைசியில் மெதுவாக ஆழத்துக்குப் போனது. பிழைத்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மஸ்கி மெதுவாக வளர்ந்து பெரிதாகும் மீன். 50 அங்குலப் பெண் மீனுக்குப் பதினைந்து வயதுக்கு மேல்கூட இருக்கும். ஒரு ஏக்கர் தண்ணீருக்கு வளர்ந்த மஸ்கி ஒன்றுகூட இல்லாத ஏரிகள்தான் அதிகம். "பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்" என்று இங்கே சொல்வது அதனால்தான். அப்படிப்பட்ட ஏரியில் ஒன்று செத்தாலும் இழப்பு பெரிது.

வலை வாங்கும்போது வாய் அகலத்தையும் பையின் ஆழத்தையும் பாருங்கள். மீன் அதற்குள் நீளவாக்கில், தண்ணீரிலேயே, மடங்காமல் கிடக்க வேண்டும். கண்ணிகளுக்கு ரப்பர் பூச்சு இருந்தால் முள் சிக்குவதும் மீனின் துடுப்பு கிழிவதும் குறையும். மீனைப் படகுக்குள் தூக்கவே கூடாது. வலை படகோரத்தில் தண்ணீரிலேயே இருக்கட்டும், நீங்கள் குனிந்து வேலை செய்யுங்கள். நோஸ் பிளேயர் 11 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பற்களிடமிருந்து உங்கள் விரல் தப்பும். இரண்டு மூன்று முயற்சியில் முள் வரவில்லையா, யோசிக்காமல் கட்டரால் வெட்டிவிடுங்கள். மஸ்கிக்காரர்கள் பலர் வைத்திருப்பது க்னிபெக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் சின்ன போல்ட் கட்டர். தடித்த முள்ளையும் ஒரே அழுத்தில் துண்டாக்கும். உங்கள் கையிலேயே முள் ஏறினாலும் அதுதான் காப்பாற்றும். மஸ்கி லூரில் மூன்று முனையுள்ள முட்கள் தொங்குவதால் அது நடக்காத காரியம் இல்லை.

ராடு எட்டரை அடி, ஹெவி, அதாவது விறைப்பானது. இந்த நீளத்துக்குக் காரணம் தூரமாக வீசுவது மட்டுமல்ல. படகோரத்தில் எட்டுப்போட அது வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். எட்டு அடியில் மலிவாக நல்லது கிடைத்தால் அதுவும் சரி. ராடின் மேல் எழுதியிருக்கும் லூர் எடையைப் பாருங்கள். 2 முதல் 8 அவுன்ஸ் வரை தாங்கினால் முதல் இரண்டு வருடம் வேறு ராடு தேட வேண்டாம். உங்கள் பாஸ் ராடு ஒரு அவுன்ஸைத் தாண்டினாலே திணறும்.

ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை) பெய்ட்காஸ்டிங் வகை, 300 அல்லது 400 அளவு. ஷிமானோவின் டிராங்ஸ் அருமையான ரீல்தான், ஆனால் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். உருண்டை வடிவ ஆபு கார்சியா அம்பாசடர் 6500 அதைவிட மிகவும் மலிவு. பல வருடம் உழைத்த பெயர், பிரித்துத் துடைப்பதும் எளிது. வேகமாகச் சுற்றும் ரீல் வேண்டாம். பெரிய தகடு உள்ள லூரை நாள் முழுக்க இழுத்தால் மணிக்கட்டு வலிக்கும், 5.3:1 மாதிரி (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 5.3 சுற்று) மெதுவான பல்சக்கரம் இருந்தால் சாயங்காலம் வரை தாங்கலாம்.

நரம்பு 80 பவுண்டு தாங்கும் ப்ரெய்டு (பின்னல் நரம்பு). சொன்னால் எல்லாரும் திகைப்பார்கள். மீன் 80 பவுண்டு இழுக்கும் என்பதற்காக அல்ல. மூன்று நான்கு அவுன்ஸ் லூரைப் பலமாக வீசும்போது ரீலில் சிடுக்கு விழுந்தால், பறந்துகொண்டிருக்கும் லூர் ஒரே உதறலில் மெல்லிய நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். 25 டாலர் ஏரிக்குள். இன்னொன்று, தடித்த நரம்பிருந்தால் மீனைச் சீக்கிரம் வலைக்குக் கொண்டுவரலாம், அது களைக்காது. ப்ரெய்டை வெறும் ஸ்பூலில் கட்டினால் வழுக்கிச் சுற்றும். முதலில் கொஞ்சம் சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி அதன்மேல் ஏற்றுங்கள். முடிச்சுக்கு பாலோமர் போதும்.

லீடர், அதாவது நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் பல் அறுக்காத துண்டு, இல்லாமல் ஒரு வீச்சுகூட வேண்டாம். மஸ்கியின் பல் ப்ரெய்டைத் தொட்டாலே போதும், வாயில் லூரோடு மீன் போய்விடும். 12 அங்குல நீளத்தில் 130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் (தடித்த பிளாஸ்டிக் நரம்பு), அல்லது ஒற்றைக் கம்பி எஃகு லீடர். இரண்டு வாங்குங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஃப்ளூரோகார்பனை விரலால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

இனி லூர். முதலாவது பக்டெய்ல்: கம்பியில் சுழலும் தகடு, பின்னால் மான்வால் முடியோ பளபள இழையோ. வீசுங்கள், சுற்றுங்கள், வேறு வித்தை இல்லை. புதியவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இரட்டைத் தகடு உள்ளதில் 10 எண் புகழ்பெற்றது, ஆனால் இழுக்கக் கனமானது. 8 அல்லது 9 எண்ணில் ஆரம்பியுங்கள். தகடு சுழலும் அதிர்வு ராடு வழியாகக் கைக்கு வரும். அது நின்றால் பாசி மாட்டியிருக்கிறது, அல்லது மீன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. நிறத்துக்காக மண்டையை உடைக்காதீர்கள்: கறுப்பில் ஒன்று எடுங்கள், மங்கிய வெளிச்சத்திலும் இரவிலும் அதன் நிழலுருவம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது ரப்பர். புல் டாக் என்ற பெயரில் வருவது, நடுத்தர அளவு. சுருண்ட வால் உள்ள, கனமான ரப்பர் மீன். இழு, விடு, கீழே இறங்கட்டும், மறுபடி இழு. இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும், அதனால் நரம்பைத் தொங்கவிடாதீர்கள். பக்டெய்லைப் பின்தொடர்ந்து வந்துவிட்டுத் திரும்பிய மீனுக்கு அரைமணி கழித்து இதைக் காட்டுவேன். எனக்குக் கிடைத்த மீன்களில் பாதி அப்படி வந்தவை.

மூன்றாவது, தண்ணீர் மேல் ஓடும் டாப்வாட்டர், வால்பகுதி சுழன்று சலசலக்கும் வகை. ஜூலை மாதம், காற்றடங்கிய அந்தி. மீன் மேலே வந்து அடிக்கும் சத்தத்தில் கை தானாக ராடை வெட்டி இழுத்துவிடும். அப்படிச் செய்தால் லூர் மட்டும் உங்களிடம் பறந்து வரும். மீனின் கனம் கையில் தெரியும்வரை சுற்றிக்கொண்டே இருங்கள்.

உங்கள் பட்டியலில் சுயிக் என்ற மரலூர் இருந்தது. விஸ்கான்சினின் ஆன்டிகோ ஊரில் பிறந்த சரக்கு, தலைமுறைகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது உங்கள் கைதான். இழுக்கும் அளவும் நிறுத்தும் அளவும் பழகாமல் அது வெறும் கட்டை. அடுத்த வருடம் வாங்குங்கள். இருபது லூர் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், லூர் தண்ணீரில் இருக்கும் நேரம் குறையும்.

எட்டுப்போடுவதற்கு வருகிறேன். மஸ்கி லூரின் பின்னாலேயே படகு வரை வரும், நிழல் மாதிரி. வேறு மீனுக்கென்றால் லூரைத் தூக்கிவிடுவோம். இங்கே லீடருக்குமேல் ஒரு அடி நரம்பு மிச்சம் இருக்கும்போதே ராடு நுனியைத் தண்ணீருக்குள் முக்கி, லூரை நிறுத்தாமல் பெரிய எட்டாக இழுக்க வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்கட்டும். நான்கடி நீள மீன் குறுகிய வளைவில் திரும்ப முடியாமல் லூரைத் தவறவிடும். வேகம் குறையவே கூடாது. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் செய்யுங்கள். மூன்று மணி நேரம் சும்மா செய்துகொண்டிருந்து, "போதும்" என்று ஒருமுறை விட்டேன். தூக்கிய லூர் இருந்த இடத்தில் பச்சை முதுகு ஒன்று திரும்பிப் போனது.

600 டாலரை நான் பிரிப்பது ஏறக்குறைய இப்படி: வலை 120, கட்டரும் பிளேயரும் 70, ராடு 140, ரீல் 130, ப்ரெய்டு 30, லீடர் 25, லூர் மூன்றும் 75. பழைய வலை கிடைத்தால் மிச்சத்தில் மாற்று முட்கள் வாங்குங்கள்.

மின்னசோட்டாவில் மஸ்கி சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கும். வைத்துக்கொள்ள 54 அங்குலம் இருக்க வேண்டும், அதாவது நடைமுறையில் எல்லா மீனும் திரும்பப் போக வேண்டியதுதான். விஸ்கான்சினில் பல ஏரிகளில் 40 அங்குலம், ஏரிக்கு ஏரி மாறும், அன்றன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் கேட்கிற அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: குழம்புக்கு வாலாய் இருக்கிறது, அதைவிட ருசியான நன்னீர் மீன் இந்தப் பக்கம் இல்லை. மஸ்கியை விட்டுவிடுங்கள். தண்ணீர் 80 ஃபாரன்ஹீட், அதாவது 27 செல்சியஸ் பக்கம் போய்விட்டால் மஸ்கிக்கு வீசவே வீசாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் மீளாது. அந்த ஆகஸ்டில் எங்களுக்கு இது தெரியாது.

போன செப்டம்பரில் அதே மில் லாக்ஸில் 46 அங்குலம் ஒன்று, எட்டின் இரண்டாவது வளைவில் அடித்தது. வலைக்குள், தண்ணீருக்குள். ஒரு முள் பிளேயருக்கு வந்தது, இரண்டை வெட்டினேன். ஒரு கை செவுள்மூடியின் ஓரத்திலும் இன்னொரு கை வயிற்றுக்கடியிலும் வைத்துப் படுக்கைவாட்டில் தூக்கி ஒரே படம், நான் மூச்சைப் பிடித்திருந்த நேரம்தான். இறக்கி வாலைப் பிடித்தேன். பிடி இறுகும் முன்பே ஓர் உதறு உதறி, என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.