புதுசா கேஸ் டேங்கர் ஓட்ட வர்றவங்களுக்கு சம்பளமும் ட்ரெய்னிங்கும் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்ட தம்பி ஹெவி லைசென்ஸ் வச்சிருக்கார், இப்ப சரக்கு லாரி ஓட்டிட்டு இருக்கார், நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கருக்கு மாறினா கையில என்ன நிக்கும், ட்ரெய்னிங் யார் தருவாங்கன்னு கேட்டிருக்கார். நான் நாமக்கல் புல்லட் டேங்கர் (கேஸ் ஏத்துற உருளை டேங்கர்) ஓட்டுறவன், மங்களூர் கொச்சின் லோடுதான் அதிகம். பெட்ரோல் டீசல் டேங்கர் கதை கொஞ்சம் வேற, அதனால கேஸ் மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கங்க தம்பி, வண்டியில இண்டேன், பாரத் கேஸ்னு பெருசா எழுதியிருந்தாலும் நீங்க ஆயில் கம்பெனி ஆள் கிடையாது. வண்டி ஓனரோடது, ஓனர் கம்பெனிக்கு காண்ட்ராக்ட்ல ஓட்டுறார், உங்களுக்கு சம்பளம் லீவு பிஎஃப் எல்லாமே ஓனர் கையில. ஆனா ரூல்ஸ் மட்டும் கம்பெனியோடது. ஷூ இல்லாம, சைலன்சர்ல தீப்பொறி வெளிய வராம தடுக்கிற ஸ்பார்க் அரெஸ்டர் சரியில்லாம, சர்டிபிகேட் தேதி முடிஞ்சு போனீங்கன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க, அன்னிக்கு லோடு ஏத்துற டர்ன் (முறை) போச்சு.

சம்பளம்னா பெரும்பாலும் மாசச் சம்பளம் கொஞ்சமா இருக்கும், மீதி டிரிப் பேட்டா. சில ஓனருங்க கிலோமீட்டர் கணக்குல தருவாங்க. இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க, ஏன்னா டிரிப்புக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்குறாங்க, டிரிப் முடிய எத்தனை நாள் ஆகும்னு கேக்குறதில்ல. உதாரணத்துக்கு டிரிப்புக்கு 4,000 பேட்டான்னு வச்சுக்கங்க, நாலு நாள்ல முடிஞ்சா நாளுக்கு 1,000, அதே டிரிப் எட்டு நாள் இழுத்துட்டா நாளுக்கு 500, அதுலதான் சாப்பாடு, டீ, குளியல் செலவு எல்லாம். இழுக்குறது ரோட்டுல இல்லைங்க, லோடிங் பாயிண்ட்ல டர்னுக்கு நிக்கணும், அப்புறம் இறக்குற பிளான்ட்ல அவங்க டேங்க்ல இடம் காலியாகுற வரைக்கும் நிக்கணும். ஸ்ட்ரைக்னா சுத்தமா நின்னுடும். 2025 மார்ச் கடைசியில புது டெண்டர் கண்டிஷன் ஒத்துவரலைன்னு தென்மண்டல கேஸ் டேங்கர் ஓனருங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ வண்டி ஓடல, டிரிப் பேட்டாவை நம்பி இருக்கிற டிரைவருக்கு அந்த நாளுக்கெல்லாம் வருமானம் ஏது?

அதனால சேர்றதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட இப்படி கேளுங்க: இதே வண்டி போன மாசம் எத்தனை டிரிப் அடிச்சது, ஹால்ட் ஆனா, அதாவது வண்டி ஓடாம நின்னா, நாளுக்கு என்ன தருவீங்க. ஓனர் சொன்னதோட விடாதீங்க, பார்க்கிங்ல அந்த வண்டி பழைய டிரைவர் இருந்தா ஒரு டீ வாங்கிக்கொடுத்து அவர்கிட்டயும் கேளுங்க, உண்மை அங்கதான் வரும். இறக்குறப்போ லோடு எடை குறைஞ்சு ஷார்ட்டேஜ் வந்தா யார் தலையில, டயர் வெடிச்சா யார் செலவு, இதையும் பேசிடுங்க.

மைலேஜ் காசுன்னு ஒண்ணு சொல்வாங்க, டீசல் மிச்சம் பண்ணினா அதுல ஒரு பங்கு. கேக்க நல்லா இருக்கும். ஆனா மங்களூர்ல லோடு ஏத்திட்டு பெங்களூர் வழியா சேலம் கருப்பூர் பிளான்ட்டுக்கு வந்தா தொப்பூர் இறக்கத்துல இறங்கித்தான் ஆகணும், அங்க டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறக்குறவங்களை நானே பாத்திருக்கேன். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் பிடிப்பு போயிடும், மொத்த பாரமும் பிரேக் மேல, பிரேக் சூடேறி பிடிக்காம போகும். அந்த இரட்டைப் பாலத்துகிட்ட எத்தனை விபத்துன்னு தர்மபுரிக்காரங்களைக் கேட்டா சொல்வாங்க. அந்தக் காசு வேணாம் தம்பி, கியர்லயே இறக்குங்க.

இப்ப ட்ரெய்னிங். சட்டப்படி ஆபத்தான சரக்கு ஏத்துற வண்டி ஓட்டணும்னா, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 9வது விதிப்படி, அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல மூணு நாள் கிளாஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கி லைசென்ஸ்ல ஏத்தணும். ஒரு இந்திய மொழியும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும்னும் அதுல இருக்கு. மூணு நாள்ல பாதுகாப்பா ஓட்டுறது, தீ பிடிச்சா என்ன செய்யறது, டேங்கர் பின்னாடி இருக்கிற எச்சரிக்கை போர்டுல ஐநா நம்பர் 1075னா எல்பிஜின்னு படிக்கிறது, ட்ரெம் கார்டு (விபத்து, கசிவுன்னா என்ன செய்யணும்னு எழுதி வண்டியில வச்சிருக்கிற அட்டை), இதெல்லாம் சொல்லித்தருவாங்க. சில பேர் கிளாஸுக்குப் போகாமலே பேப்பர் மட்டும் வாங்கித்தர்றேன்னு வருவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆனா மூணு நாள்ல டேங்கர் ஓட்ட வந்துடாதுங்க. சரக்கு லாரியில மூட்டை கட்டின இடத்துல இருக்கும், இங்க உள்ள இருக்கிறது திரவம், வெயில்ல விரியும்கிறதால டேங்கை முழுசா நிரப்பவும் மாட்டாங்க, மேல இடம் இருக்கும். நீங்க பிரேக் போட்டு வண்டி நின்ன பிறகும் உள்ள லோடு முன்னாடி வந்து இடிக்கும். உள்ள தடுப்புத் தகடு இருக்கு, அது முன்னும் பின்னும் ஆடுறதைத்தான் குறைக்கும், வளைவுல பக்கவாட்டுல சாயுறதுக்கு உங்க ஸ்பீடு மட்டும்தான் மருந்து. ரவுண்டானா, மேம்பாலம் திரும்புற இடம், சர்வீஸ் ரோட்டுல இருந்து மெயின் ரோடு ஏறுற இடம், அங்கெல்லாம் ரொம்ப நிதானம் வேணும். 2025 ஜனவரியில கொச்சின்ல இருந்து வந்த டேங்கர் கோயம்புத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்துல கவிழ்ந்து கேஸ் கசிஞ்சது, நல்லவேளை தீ பிடிக்கல. 2012ல கேரளா கண்ணூர் பக்கம் சாலாவுல கவிழ்ந்த டேங்கர்ல பிடிச்சிருச்சு, 20 பேர் செத்தாங்க. இந்த கேஸ் காத்தை விட கனம், மேல போகாம தரையோட தரையா பரவி வீட்டுக்குள்ள போகும். அதனால கசிவுன்னா முதல்ல இன்ஜின் ஆஃப், காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமா ஆளுங்களை நகர்த்தணும், செல்போனைக்கூட கிட்ட வச்சுக்கிட்டு நோண்டக்கூடாது.

இதெல்லாம் கை பழகுறதுக்கு செகண்ட் டிரைவரா போறதுதான் நல்லது. பேட்டா கம்மியாதான் வரும், ஆனா பழைய டிரைவர் மங்களூர்-பெங்களூர் ரோட்டுல சிராடி காட் மலைப்பாதையில எந்த இடத்துல எந்த கியர் போடுறார், பிளான்ட்ல எர்த் வயர் (தீப்பொறி வராம மின்சாரத்தை தரைக்கு இறக்குற வயர்) மாட்டுறதுக்கு முன்னாடி யாரையும் ஹோஸைத் தொடவிடாம எப்படி நிக்கிறார்னு பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் வரும். சேர்ந்த உடனே தனியா வண்டி தர்றேன்னு எந்த ஓனராவது சொன்னா எனக்கு சந்தேகமாத்தான் இருக்கும்.

கடைசியா இன்சூரன்ஸ். வண்டி பாலிசியில ஓனருக்கு இருக்கிற விபத்து கவர் உங்களுக்கு வராது, சம்பள டிரைவருக்குன்னு தனியா பிரீமியம் கட்டியிருக்காங்களான்னு பாலிசி காப்பியை வாங்கிப் பாருங்க. பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா நம்பர் கேட்டு வாங்கி வச்சுக்கங்க. காப்பி காட்ட மாட்டேன்னு சொல்ற இடத்துல, பேட்டா எவ்வளவு அதிகமா சொன்னாலும் நான் சேர மாட்டேன்.