பழைய பெயரை நீக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

கட்டபொம்மன், மருது சகோதரர்கள் நடத்திய போர்களைக் கலைக்களஞ்சியங்களும் வரலாற்று அகராதிகளும் இன்னமும் 'பாளையக்காரர் போர்' என்ற தலைப்பில்தான் தருகின்றன. அது கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் வைத்த பெயர். அடங்க மறுத்த சில குறுநிலத் தலைவர்களை அடக்கிய கதை என்ற எண்ணத்தையே அது உண்டாக்குகிறது. 1857ஐ முதல் விடுதலைப் போர் என்று எழுதுகிறவர்கள், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தூக்கிலேறியவர்களுக்கு அப்பெயரைத் தர ஏன் தயங்குகிறார்கள்? பழைய பெயரை அடியோடு நீக்கிவிட்டு 'முதல் விடுதலைப் போர்' என்று மட்டும் தலைப்பிட வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஒரு வரலாற்று ஆசிரியை,
கோவில்பட்டி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 1799க்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். வரி வசூலில் தொடங்கிய பகை முற்றி, கம்பெனித் தளபதி பானர்மேன் படையெடுத்து வந்து, அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அப்படியல்ல. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் எழுப்பினார். மே மாதம் அது வீழ்ந்ததும் மருதுக்களிடம் போய்ச் சேர்ந்தார். போர் சிவகங்கைச் சீமைக்கும் இராமநாதபுரத்துக்கும் பரவியது. திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர் எதிர்த்து நின்றார், மலபாரில் பழசி அரசர் கேரளவர்மா எதிர்த்து நின்றார். இவ்வளவையும் 'பாளையக்காரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பது சரியல்ல. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குத் 'தென்னிந்தியக் கிளர்ச்சி' என்று பெயரிட்டது இதனால்தான். துணைத்தலைப்பில் 'முதல் விடுதலைப் போர்' என்றும் சேர்த்தார். ஆகவே உங்கள் கட்சி ஆதரவில்லாத கட்சி அல்ல.

ஆனால் பழைய பெயரை நீக்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

உங்கள் மாணவி ஒருத்தி நாளை ஆய்வாளராகிச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'விடுதலைப் போர்' என்று தேடினால் அவளுக்கு ஒரு தாள்கூடக் கிடைக்காது. பாளையக்காரரைக் கம்பெனியார் எழுதியபடி 'பாலிகர்' என்று தேட வேண்டும், திருநெல்வேலியை 'டின்னவெல்லி' என்றும் இராமநாதபுரத்தை 'ராம்நாட்' என்றும் தேட வேண்டும். 1802இல் நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அறிய விரும்பினால் 'பினாங்கு' என்ற பெயரும் போதாது. கம்பெனியின் தாள்களில் அது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு'.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது அவர் சிறுவர். அவரைப் பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் சந்தித்து, உருக்குலைந்த தோற்றத்தைக் கண்டு மனம் கலங்கி எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ். மருதுக்களுக்கு எதிராகப் போரிட்ட அதே கம்பெனி அதிகாரிதான். போருக்கு முன்பு தனக்கு ஈட்டி எறியவும் வளைந்த எறிகருவியான வளரியை வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்பதையும் அவர் 1830இல் வெளியான நினைவுக்குறிப்புகளில் பதிந்திருக்கிறார். சின்ன மருதுவை நேரில் பழகி அறிந்த ஒருவர் எழுதிய சித்திரம் பகைவரின் நூலில், பகைவரின் சொற்களோடு கிடக்கிறது. 'பாலிகர்' என்ற சொல்லை அறியாத தலைமுறை அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கி, ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து கம்பெனியார் நீக்கச் சொன்னார்கள் என்று உங்கள் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள் அல்லவா? பெயரை அழிக்கும் வேலை நம் கையாலும் நடக்க வேண்டாம்.

இனி 'முதல்' என்ற அடைமொழி. பூலித்தேவர் 1750களிலேயே எதிர்த்தார். 1806இல் வேலூர்ச் சிப்பாய்களின் கிளர்ச்சி இருக்கிறது. ஒடிசாக்காரர்கள் 1817 பைக்கா கிளர்ச்சிக்கு அதே பட்டத்தைக் கேட்கிறார்கள். 1857க்கு அப்பெயரை நிலைநாட்ட 1909இல் சாவர்க்கர் நூல் எழுதினார், 1957இல் வரலாற்றாசிரியர் ஆர்.சி. மஜும்தார் அதைக் கடுமையாக மறுத்தார். இந்த வழக்கில் ஒரு கலைக்களஞ்சியம் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது.

'விடுதலை' என்பதில்தான் எனக்குக் கூடுதல் தயக்கம். 1801 ஜூனில் சின்ன மருதுவின் பெயரால் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட ஜம்புத்தீவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர அழைக்கிறது. ஐரோப்பியர் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு குரல் எழுந்ததை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. அதே அறிக்கை ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் மற்ற மன்னர்களின் உரிமைகளும் மீள வேண்டும் என்கிறது. ஐரோப்பியர் நவாபுக்குக் கட்டுப்பட்டு இருந்தால் போதும் என்கிறது. இது 1947இன் விடுதலை அல்ல. அவர்கள் கேட்டது வேறொன்று, அதற்காகவே உயிரைக் கொடுத்தார்கள். நமக்குப் பிடித்த பெயரை அதன்மேல் போர்த்தினால் அவர்கள் கேட்டது என்ன என்பது மறைந்துபோகும்.

என்னைக் கேட்டால் 1799க்குத் தனிக் கட்டுரை வேண்டும். 1801க்குத் 'தென்னிந்தியக் கிளர்ச்சி' என்று தலைப்பு. முதல் பத்தியிலேயே 'பாளையக்காரர் போர்', 'முதல் விடுதலைப் போர்' இரண்டும் வர வேண்டும், எதை யார் எப்போதிலிருந்து வழங்குகிறார்கள் என்ற விவரத்தோடு. எந்தப் பெயரைத் தேடி வந்தாலும் வாசகர் அந்தக் கட்டுரைக்கு வந்து சேர வேண்டும்.

வகுப்பில் 'முதல் விடுதலைப் போர்' என்று நீங்கள் சொல்வதை நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஜம்புத்தீவு அறிக்கையை முழுமையாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை எனக்கு எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்