இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் நின்றபடி பார்க்க அனுமதிக்கலாமா?

அனுமதிக்கலாம், ஆனால் இருக்கையே இல்லாத படிகளில் கூட்டமாக நின்ற பழைய மாதிரி அல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். 'எல்லோருக்கும் இருக்கை' என்ற விதி அதன் பிறகு வந்ததுதான்.

விதி வந்தும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் உட்கார்ந்தார்களா என்ன? முழங்கால் உயர நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பார்த்தார்கள். கோல் விழுந்தால் முன்வரிசை மேல் சரிவார்கள். உண்மையான ஆபத்து அதுதான். வரிசைதோறும் இடுப்பு உயரத்தில் கம்பி இருந்தால் அந்தச் சரிவு தடைபடும். ஆளுக்கு ஓர் இடம் என்ற கணக்கும் மாறாது. 2022-23 சீசனிலிருந்து இந்த ஏற்பாட்டுக்கு அங்கே அனுமதி உண்டு.