சிலைக்கு முன்னால் பெயர்க்கல்

கேள்வி: குமரிப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தெற்கெல்லைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கு மார்த்தாண்டம் சந்திப்பில் ஆளுயரச் சிலை கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் இதழ் ஆதரிக்குமா? (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: கட்டாயம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனுவில் 'சிலை' என்பதை அடித்துவிட்டு 'பெயர்க்கல்' என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்குப் போக கண்டக்டரிடம் 'ஸ்டாச்சு' என்றுதானே டிக்கெட் கேட்கிறோம்? அது யார் சிலை என்று போன மாதம் அங்கே நின்ற நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் 'ஏதோ ராஜா' என்றார்கள், மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ராஜா இல்லை, கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் ராஜாவின் தலைமை அமைச்சராக, அதாவது திவானாக இருந்த டி. மாதவராவ். அந்தச் செயலகக் கட்டடம் 1869இல் எழுந்து முடிந்தது அவர் காலத்தில்தான். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1859இல் அறிவிப்பு வந்தபோதும் அவரே திவான். அப்பேர்ப்பட்டவரின் பெயர்கூட அந்த நிறுத்தத்துக்கு மிஞ்சவில்லை.

இனி நம் புலியூர்க்குறிச்சிக்கு வாருங்கள். உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். 1777இல் இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். குனிந்து விரலை ஓட்டினால் எழுத்தின் பள்ளம் இன்றும் தட்டுப்படும். எனக்கு அங்கே நின்றபோது மனசு கனத்துவிட்டது: எங்கிருந்தோ வந்தவருக்குத் தமிழில் கல் வெட்டிய மண், தமிழுக்காக விழுந்த சொந்தப் பிள்ளைகளை இப்படி விடலாமா?

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது குமரிப் பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான லோகியாவே பதவி விலகச் சொன்னார். அடுத்த இரண்டு வருஷத்தில், 1956 நவம்பர் 1 அன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நாலும் தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின.

போராட்டத்தின் தலைவர் நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் சிலைக்கு ஒரு முகம்தான் இருக்கும். அன்று விழுந்தவர் ஒருவரல்லவே! ஒவ்வொருவர் பெயரும், ஊரும், வயதும், செய்த தொழிலும் பள்ளிக்கூடப் பிள்ளை எக்காமல் வாசிக்கிற உயரத்தில் கருங்கல்லில் வேண்டும். பக்கத்திலேயே மலையாளத்திலும் வெட்டச் சொல்லுங்கள், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி வருகிறவர்களும் வாசிக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து விவரம் எழுதி அனுப்புங்கள். வருகிற ஆகஸ்ட் இதழின் முதல் பக்கத்தை அந்தப் பெயர்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்.