கணக்கு கேளுங்க: ரெண்டு தெரியாததுக்கு ரெண்டு தகவல் வேணும்

கேள்வி: ஸ்கூல்ல எக்ஸ் கண்டுபிடி, ஒய் கண்டுபிடின்னு உயிரை வாங்கினாங்க. வேலைக்கும் வந்தாச்சு, இதுவரைக்கும் ஒரு எக்ஸையும் நேர்ல பாக்கல. நிஜமா இது யாருக்காவது உதவுதா?

பதில்: உங்க போனுக்கு தினமும் உதவுதுங்க. மேப்பைத் திறந்தா நீங்க நிக்கிற இடத்துல ஒரு புள்ளி வருதுல்ல, அதைச் சொல்றேன். ஒரு இடத்தைச் சொல்ல மூணு எண் போதும், ஆனா ஜிபிஎஸ்க்கு குறைஞ்சது நாலு சாட்டிலைட் வேணும். ஏன்னா சாட்டிலைட்ல இருக்குறது அணுக் கடிகாரம், போன்ல இருக்குறது சாதாரண கடிகாரம், அது எவ்வளவு தப்பா ஓடுதுங்கறதும் நமக்குத் தெரியாத எண்தான். சிக்னல் ஒளியோட வேகத்துல வருது, மைக்ரோசெகண்டுக்கு சுமார் 300 மீட்டர், அதனால கடிகாரம் ஒரே ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகிடும். ஆக தெரியாதது நாலு, சாட்டிலைட் நாலு, ஈக்வேஷன் நாலு.

இதுல ஒரு சிக்கல், தூரம்னு வந்தாலே வர்க்கமூலம் வந்துடும், அப்போ அது நேரியல் சமன்பாடா, அதாவது வரைஞ்சா நேர்கோடா வர்ற மாதிரி ஈக்வேஷனா, இருக்காது. அதுக்கு ரிசீவர் என்ன பண்ணும்னா, குத்துமதிப்பா ஒரு இடத்தை வச்சுக்கிட்டு, அந்த இடத்துக்குப் பக்கத்துல வளைவை நேர்கோடுன்னு எடுத்துக்கிட்டு நேரியல் சமன்பாடா மாத்திப் போடும், வர்ற விடையை வச்சு இடத்தைத் திருத்திட்டு திரும்பவும் போடும், கொஞ்சம் சுத்துலயே விடை நிலைச்சுடும். வளைஞ்ச கணக்கு நிறைய இப்படித்தான், நேராக்கித்தான் போடுறாங்க.

கேள்வி: ஈக்வேஷனை எழுதிக் கொடுத்துட்டா கண்ணை மூடிக்கிட்டு போட்டுடுவேன். கதையா கேட்டா மட்டும் கை ஓடவே மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

பதில்: முக்காவாசிப் பேருக்கு இதே பிரச்சனைதான், எனக்குத் தெரிஞ்சு இதுக்குக் காரணம் பாடம் நடத்துற விதம்தான். தீர்க்குறதுக்கு நாலு முறை சொல்லித் தர்றாங்க, எழுதுறதுக்கு ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல.

ஒரு கணக்கை எடுத்துக்குவோம். லேப்ல 20 சதவீத ஆசிட் கரைசல் ஒண்ணு, 50 சதவீத கரைசல் ஒண்ணு இருக்கு. ரெண்டையும் கலந்து 30 சதவீதத்துல 12 லிட்டர் வேணும். பலபேர் எடுத்த உடனே எக்ஸ் = 20 சதவீதம்னு எழுதுவாங்க, அங்கயே கணக்கு காலி. 20 சதவீதம்தான் ஏற்கனவே தெரியுமே, தெரியாதது எத்தனை லிட்டர் ஊத்தணும்ங்கறது. அதனால முதல் வரில எக்ஸ்னா 20 சதவீத கரைசல்ல எத்தனை லிட்டர், ஒய்னா 50 சதவீத கரைசல்ல எத்தனை லிட்டர்னு முழு வாக்கியமா எழுதிடுங்க. சோம்பேறித்தனமே பட வேணாம்.

அடுத்தது, ஒரு ஈக்வேஷன் ஒரு பொருளைத்தான் எண்ணணும். மொத்த திரவத்தை எண்ணினா எக்ஸ் + ஒய் = 12. ஆசிட்டை மட்டும் எண்ணினா 0.2 எக்ஸ் + 0.5 ஒய் = 3.6, ஏன்னா 12 லிட்டர்ல 30 சதவீதம் 3.6 லிட்டர். ரெண்டாவதை 10 ஆல பெருக்கினா 2 எக்ஸ் + 5 ஒய் = 36. முதல் ஈக்வேஷனோட ரெண்டு மடங்கை இதுலருந்து கழிச்சா 3 ஒய் = 12, ஒய் 4 லிட்டர், எக்ஸ் 8 லிட்டர். 30ங்கறது 50ஐ விட 20க்குத்தான் கிட்ட இருக்கு, அதனால 20 சதவீதக் கரைசல்தான் அதிகமா போகணும், போயிருக்கு, சரி.

இதே ரெண்டை வச்சு 60 சதவீதம் வேணும்னு கேட்டுப் பாருங்க. ஒய் 16, எக்ஸ் மைனஸ் 4ன்னு வரும். கணக்கு தப்பு இல்ல, மைனஸ் லிட்டர் ஊத்த முடியாது, அதனால இது நடக்காத காரியம்னு கணக்கே சொல்லுது.

கேள்வி: பிரதியிடல், நீக்கல், கிராமர் விதி, இதுல எது பெஸ்ட்?

பதில்: நீக்கல், அதாவது மேல ஆசிட் கணக்குல பண்ண மாதிரி ஈக்வேஷன்களைப் பெருக்கிக் கழிச்சு ஒவ்வொரு தெரியாததா ஒழிக்கிறது. காஸ்ங்கற ஜெர்மன் கணித மேதை பேர்ல சொல்றோமே ஒழிய, சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கணக்குக் குச்சிகளை வரிசையா வச்சு இதைத்தான் பண்ணாங்க. கிராமர் விதி, அதாவது ஈக்வேஷன்ல இருக்குற எண்களைக் கட்டமா அடுக்கி, அதுலருந்து டிடர்மினன்ட்னு ஒரு எண்ணைக் கணக்குப் போட்டு, ஒண்ணை இன்னொண்ணால வகுத்து விடை எடுக்குற முறை, 1750ல வந்தது, ரெண்டு மூணு தெரியாததுக்கு அழகா இருக்கும். 20 தெரியாத எண் இருந்து, டிடர்மினன்ட்டை பாடப்புத்தகத்துல இருக்குற மாதிரி விரிச்சா ஒவ்வொண்ணுலயும் 20 ஃபேக்டோரியல் (1லருந்து 20 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கினது) உறுப்பு வரும், அதாவது 2ஐ எழுதி பின்னாடி 18 சைபர் போட்டாலும் பத்தாது. நீக்கல்ல சுமார் 3000 பெருக்கல்லயே முடிஞ்சுடும்.

கேள்வி: தெரியாதது ரெண்டு, ஈக்வேஷனும் ரெண்டு எழுதினேன். கடைசில 0 = 0ன்னு வருது. எங்க தப்பு?

பதில்: ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்லியிருக்கீங்க. எக்ஸ் + ஒய் = 5, 2 எக்ஸ் + 2 ஒய் = 10, இப்படி. எண்ணிக்கைல ரெண்டு, தகவல்ல ஒண்ணுதான். இந்த எடுத்துக்காட்டுல பளிச்னு தெரியுது, நிஜத்துல ஒளிஞ்சு இருக்கும்.

சிடி ஸ்கேனையே எடுத்துக்கோங்க. உடம்போட ஒரு குறுக்குவெட்டை சின்னச் சின்னக் கட்டமா பிரிக்கிறாங்க, ஒவ்வொரு கட்டமும் எக்ஸ்ரேயை எவ்வளவு உறிஞ்சுதுங்கறதுதான் தெரியாத எண். ஒரு கதிர் ஒரு வரிசைக் கட்டங்களைக் கடந்து வந்தா அந்த வரிசையோட மொத்தம் கிடைக்கும், அது ஒரு ஈக்வேஷன். நாலே நாலு கட்டம், ரெண்டுக்கு ரெண்டுன்னு வைங்க. மேல் வரிசை மொத்தம் 5, கீழ் வரிசை 9, இடது பத்தி 7, வலது பத்தி 7. நாலு தெரியாததுக்கு நாலு ஈக்வேஷன், முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா மேல 1, 4, கீழ 6, 3ன்னு போட்டாலும் சரியா வருது, மேல 2, 3, கீழ 5, 4ன்னு போட்டாலும் சரியா வருது! ரெண்டு வரிசையும் சேர்ந்த மொத்தமும் ரெண்டு பத்தியும் சேர்ந்த மொத்தமும் ஒண்ணுதானே, அதனால நாலாவது ஈக்வேஷன் புதுசா ஒண்ணும் சொல்லல. குறுக்கா, மேல் இடதுலருந்து கீழ் வலதுக்கு ஒரு கதிர் விட்டா முதல்ல சொன்னதுக்கு 4, ரெண்டாவதுக்கு 6, இப்பதான் எது நிஜம்னு தெரியும். ஸ்கேனர் ஆளைச் சுத்திச் சுத்தி பல கோணத்துல எடுக்குறது இதுக்குத்தான். சிடி ஸ்கேனரை உருவாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டோட மெஷின்ல 1971ல முதல் நோயாளியை ஸ்கேன் பண்ணினப்போ கட்டம் 80க்கு 80, அதாவது 6400 தெரியாத எண், எடுத்த அளவீடு சுமார் 28,000. அவருக்கும், இதுக்கான கணக்கைத் தனியா போட்டு வச்ச கோர்மாக்குக்கும் 1979ல நோபல் கிடைச்சுது.

தேவைக்கு மேல எடுத்தா இன்னொரு தலைவலி, அளவீட்டுல சின்னச் சின்னப் பிழை இருக்கும், எல்லா ஈக்வேஷனையும் ஒரே விடை திருப்திப்படுத்தாது. அப்போ மொத்தப் பிழை வர்க்கம் குறைவா வர்ற விடையைத் தேடணும், மீச்சிறு வர்க்க முறைன்னு பேர், பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்த்ர் 1805ல வெளியிட்டார், காஸ் நான் அதுக்கு முன்னாடியே பண்ணேன்னு 1809ல சண்டைக்கு வந்தார்.

கேள்வி: இப்பதான் கம்ப்யூட்டரே எல்லாம் போட்டுடுதே, விடையை அப்படியே நம்பலாமா?

பதில்: இதைக் கையால போட்டுப் பாருங்க. எக்ஸ் + ஒய் = 2, எக்ஸ் + 1.001 ஒய் = 2.001. விடை 1, 1. இப்போ 2.001ஐ 2.002ன்னு மாத்துங்க, மூணாவது தசமத்துல ஒரே ஒரு புள்ளி. விடை எக்ஸ் 0, ஒய் 2! ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒரே கோடா கிடக்கு, அதனால லேசா ஆட்டினா வெட்டுற இடம் எங்கயோ ஓடிடுது. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா இருந்தாலாவது சாஃப்ட்வேர் சிங்குலர் மேட்ரிக்ஸ், அதாவது இதுக்கு ஒரே ஒரு விடைன்னு இல்லன்னு கத்தும். இந்த மாதிரி கிட்டத்தட்ட கேஸ்ல பல நேரம் ஒண்ணும் சொல்லாது, கூலா பத்து தசமத்தோட விடை கொடுத்துடும். அதனால உள்ள போட்ட எண்ணுல ஒண்ணை கடைசி இலக்கத்துல மாத்தி இன்னொரு தடவை ஓட்டுங்க, விடை பெருசா தாவுச்சுன்னா அந்த பத்து தசமத்துல ஒண்ணையும் நம்பாதீங்க, வேற மாதிரி ஒரு அளவீடு எடுக்க முடியுமான்னு பாருங்க.