மிருகங்களை வெச்சு வர்ற இங்கிலீஷ் மரபுத்தொடர்களை மறக்காம ஞாபகம் வெச்சுக்கறது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிக்கறேன், குதிரை, ஆடு, நாய், பூனைன்னு வர்ற இடியம்ஸை லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றேன், ரெண்டு நாள்ல மறந்துடுது, அர்த்தத்தோட சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அந்த லிஸ்ட்டை மூடி வைங்க. அந்த மிருகத்தை அந்த ஊர்க்காரங்க எதுக்கு வளர்த்தாங்க, சந்தையில எதைப் பாத்து வெலை சொன்னாங்கன்னு ஒரு தடவை புரிஞ்சுட்டா அர்த்தம் தானா நிக்கும். சேலத்துப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் ஈசி, ஆடு மாடு நமக்குப் புதுசு இல்லயே.

குதிரையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுலதான் சரக்கு நிறைய. "டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் தி மவுத்", அதாவது ஓசியில வந்ததுல நொட்டை சொல்லாதே. சரி, வாயை எதுக்குப் பாக்கணும்? கொங்கணாபுரம் சனிச்சந்தைக்குப் போனவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்க அப்புச்சி மாடு பிடிக்கப் போனா, கொம்பையோ மடியையோ பாக்கறதுக்கு முந்தி ஒரு கையில மூக்கணாங்கயித்தை இறுக்கிப் பிடிச்சுட்டு இன்னொரு கையால கீழ் உதட்டை இழுத்து பல்லைத்தான் பாப்பாரு. மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லே கிடையாது, கீழ மட்டும் எட்டு. ரெண்டு வயசு வாக்குல நடுப் பால்பல்லு ரெண்டும் விழுந்து பெரிய பல்லு முளைக்கும், அப்புறம் ஜோடி ஜோடியா நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டு பல்லுன்னு போகும், எட்டும் வந்துட்டா கடை சேர்ந்துடுச்சும்பாங்க. தரகர் பக்கத்துல நின்னு "இளம் மாடுங்க, ரெண்டாவது ஈத்துதானுங்க"ன்னு சொல்லிட்டே இருப்பாரு, அப்புச்சி என்கிட்ட திரும்பி "அவரு சொல்றது கெடக்கட்டும் சாமி, நீ பல்லை எண்ணு"ம்பாரு. குதிரைக்கும் இதே வேலைதான், வயசு பல்லுல தெரியும். அதனாலதான் பரிசா வந்த குதிரையோட வாயைத் திறந்து பாத்தா குடுத்தவரை அவமானப்படுத்தற மாதிரி ஆகிடும். தமிழ்ல "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே"ன்னு அச்சு அசலா இதே பழமொழி இருக்கு பாருங்க. இங்கிலீஷ்ல ஜான் ஹேவுட் 1546-ல போட்ட பழமொழித் தொகுப்புலயே இது வந்துடுச்சு.

இந்த ஒண்ணு புரிஞ்சா கூடவே இன்னொண்ணும் வந்துடும். "லாங் இன் தி டூத்"னா வயசாயிடுச்சுன்னு அர்த்தம், குதிரைக்கு வயசாக ஆக ஈறு இறங்கி பல்லு நீளமா தெரியும். ஆளைப் பாத்து இதைச் சொன்னா மரியாதைக் குறைவு, பெரியவங்க கிட்ட வேண்டவே வேண்டாம். "ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மவுத்"ங்கறது குதிரைப் பந்தயத்துல இருந்து வந்தது, எந்தக் குதிரை ஜெயிக்கும்னு லாயத்துல இருக்கறவன் சொல்றதை விட அந்தக் குதிரையே சொன்னா எப்படி இருக்கும், அதனால விஷயத்துல நேரடியா சம்பந்தப்பட்டவர் வாயாலயே கேட்ட தகவல்னு அர்த்தம். "டார்க் ஹார்ஸ்" கூட பந்தயம்தான், நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, யாருக்கும் முன்னப்பின்ன தெரியாத குதிரை திடீர்னு முன்னாடி வர்றது. டிஸ்ரேலி 1831-ல எழுதின நாவல்ல இந்தச் சொல் வருது, பிற்பாடு அவரே பிரிட்டன் பிரதமர் ஆனாரு.

அடுத்தது ஆடு. இங்கதான் நம்ம பசங்க மார்க்கை விடறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. "பிளாக் ஷீப் ஆஃப் தி ஃபேமிலி"ன்னு வந்தா கருப்பு ஆடு, சரி, துரோகின்னு டிக் அடிச்சுட்டு வந்துடறாங்க. தமிழ்ல கருப்பு ஆடுன்னா கூடவே இருந்து ரகசியத்தை வெளிய விக்கறவன், டிபார்ட்மெண்ட்டுக்குள்ள கருப்பு ஆடுன்னு பேப்பர்ல போடுவாங்களே அது. இங்கிலீஷ்ல அப்படி இல்ல, குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித் தர்ற பிள்ளை, எல்லாரும் ஒரு பக்கம் போனா தான் ஒரு பக்கம் போறவன், அவ்வளவுதான், காட்டிக் குடுக்கறவன் இல்ல. காரணம் கம்பளி. வெள்ளைக் கம்பளியில எந்தச் சாயமும் ஏறும், கருப்புல ஏறாது, அதனால மந்தையில கருப்பா ஒண்ணு பொறந்தா அதோட கம்பளிக்கு வெலை இல்ல. நம்ம மேச்சேரி செம்மறியை எடுத்துக்கங்க, அதுக்கு கம்பளியே கிடையாது, உடம்பு பூரா குட்டை முடி, கறிக்கும் தோலுக்கும்தான் வளர்க்கறாங்க. அதனால இந்தத் தொடர் நம்ம பக்கம் வர்றப்பவே அந்தக் காரணம் கழண்டு போயி வேற அர்த்தம் ஒட்டிக்கிச்சுன்னு நான் நினைக்கறேன். நம்ம அர்த்தத்துல சொல்லணும்னா இங்கிலீஷ்ல "மோல்", மண்ணுக்குள்ள வளை தோண்டற சின்ன பிராணி.

"உல்ஃப் இன் ஷீப்ஸ் க்ளோத்திங்" பைபிள்ல மத்தேயு 7-ம் அதிகாரத்துல வர்றது, நமக்கு பசுத்தோல் போர்த்திய புலி. ஆனா குறள்ல (273) இது தலைகீழா இருக்கு, பசு புலித்தோலைப் போர்த்திக்கிட்டு போய் பயிரை மேயுது, வேஷம் போடறவன் உள்ளுக்குள்ள பலவீனமானவன்ங்கற அர்த்தத்துல. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

"க்ரோக்கடைல் டியர்ஸ்"னா பொய் அழுகை, முதலைக் கண்ணீர்னு நாமளும் அப்படியே எடுத்துக்கிட்டோம், நம்மகிட்ட ஏற்கனவே பழையனூர் நீலி கதையில இருந்து நீலிக் கண்ணீர் இருக்கு. "கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்" ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

"டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்"னா பிரச்சனைக்குப் பயந்து சுத்தி வராம நேருக்கு நேரா எதுத்து நிக்கறது. ஆத்தூர் பக்கம் கூலமேடு ஜல்லிக்கட்டு பாத்தவங்களுக்கு இது இடிக்கும், அங்க திமிலை மட்டும்தான் அணைக்கணும், கொம்பையோ வாலையோ பிடிச்சா விதிமீறல். அதனால காளை அடக்கறதுன்னு பொதுவா நினைக்காதீங்க, முன்னாடி நின்னு கொம்பைப் பிடிக்கற அந்தத் தைரியத்தை மட்டும் மனசுல வைங்க.

கடைசியா எல்லாரும் கேக்கற "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்". கொட்டித் தீர்க்கற மழை. பழைய காலத்துல கூரை மேல நாயும் பூனையும் படுத்திருக்கும், மழையில வழுக்கி கீழ விழும்னு ஒரு கதை வாட்ஸ்அப்ல சுத்துது, அதை நம்பாதீங்க. சேர்வராயன் மலை கிராமத்துல கூரை வீடு பாத்திருந்தா தெரியும், தண்ணி மேலாப்புலயே வழிஞ்சு ஓடிடும், மழைன்னா நாய் கூரைக்கு அடியில திண்ணையில ஒண்டுமே தவிர மேல ஏறிப் படுக்காது. 1651-லயே ஹென்றி வாகன்ங்கற கவிஞர் நாயும் பூனையும் மழையா பெய்யறதைப் பத்தி எழுதியிருக்காரு, ஏன் இந்த ரெண்டு மிருகம்ங்கறது இன்னைக்கு வரைக்கும் நிரூபணம் ஆகல. எக்ஸாம்ல வந்தா கனமழைன்னு போடுங்க, இன்டர்வியூவுல பேசறப்ப இதை இழுக்காதீங்க, இங்கிலீஷ்காரங்களே இப்ப இதைப் பழைய பேச்சாதான் பாக்கறாங்க, ஹெவி ரெயின்னு சொன்னா போதும்.