22 வார முட்டைக் கோழிக்கு எந்த வைட்டமின், எவ்வளவு?

கேள்வி: 60 கோழி, வயது 22 வாரம், கொட்டகையில் ஆழ்கூளம் (தரையில் உமி, மரத்தூள் பரப்பி வளர்ப்பது). சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு வாங்கி நானே அரைக்கிறேன். முட்டை விழ ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியும் தோல் முட்டை (ஓடு இல்லாமல் வெறும் தோலோடு விழுவது) நிற்கவில்லை. எந்த டானிக் நல்லது?

டானிக் வேண்டாம். "எங்களுக்கு டானிக்கில்தான் நின்றது" என்று யாராவது வருவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தோல் முட்டை விழுவதும் தானாக நிற்பதும் சகஜம். பெயர் மட்டும் டானிக்குக்கு. மூன்று வாரம் தாண்டியும் விழுகிறதென்றால் தீவனத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சோளத்தில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டின் அநேகமாக இல்லை. மஞ்சள் மக்காச்சோளத்தில் உண்டு, மூட்டையில் கிடக்கக் கிடக்க அதுவும் குறையும். டி3 எந்தத் தானியத்திலும் கிடையாது. வெயில் படாத கோழிக்கு அதைத் தீவனத்தில்தான் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் குடல் சுண்ணாம்பைச் சரியாக இழுக்காது. லேபிளில் டி3 என்றே இருக்கட்டும், டி2 கோழிக்கு அநேகமாக உதவாது.

கிலோ தீவனத்துக்கு ஏ 3,000 யூனிட், டி3 300 யூனிட், பி2 2.5 மி.கி. போதும் என்கிறது அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994 அட்டவணை. அது குறைந்தபட்ச அளவு. வெக்கையிலும் இருப்பிலும் வீணாவதை அது கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பண்ணைகளில் ஏ 8,000, டி3 2,000க்கு மேல்தான் வைப்பார்கள்.

கடையில் ஏபி2டி3கே தூள் கேளுங்கள். கிராமுக்கு ஏ 82,500, டி3 12,000, பி2 50 மி.கி. உள்ள தூள் என்றால் 100 கிலோவுக்கு 10 கிராம் போடலாம். கிலோவுக்கு ஏ 8,250, டி3 1,200, பி2 5 மி.கி. வரும். டி3 போதவில்லை என்று இதையே இரட்டிப்பாக்காதீர்கள். ஏ-யும் கூடவே ஏறும், ஏ மிகவும் மிஞ்சினால் டி3 வேலையைக் கெடுக்கும். டி3 தனியாகவே விற்கிறது. பி12, ஈ இந்தத் தூளில் இல்லை, அதற்கு வேறு பிரீமிக்ஸ் (வைட்டமின்கள் கலந்த தூள்) வேண்டும்.

பத்து கிராமை அப்படியே குவியலில் தூவினால் நாலு கோழிக்குத்தான் போய்ச் சேரும். முதலில் ஒரு கிலோ மாவில், பிறகு பத்து கிலோவில், கடைசியாக மொத்தத்தில் கலக்குங்கள். கோலின் குளோரைடை (தீவனத்தில் தனியாகச் சேர்க்கும் ஒரு சத்து) அதே டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது. ஈரம் இழுத்து மற்ற வைட்டமின்களைக் கெடுத்துவிடும். 60 கோழிக்கு 100 கிலோ பதினாறு நாள் வரும், அதற்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

கிளிஞ்சல் 100 கிலோவில் 9 கிலோ. பாதியாவது 2–4 மி.மீ. குருணையாக இருக்கட்டும், ஓடு உருவாவது இரவில். குருணை மெதுவாகக் கரைந்து அந்த நேரத்துக்கு உதவும். (முட்டைக்கு வராத வளர் கோழிக்கு இந்த அளவு கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.)

"கீரை போட்டாலே மஞ்சள் கரு சிவக்குமே" என்பீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் லூட்டின் என்ற நிறமி, அது வைட்டமின் ஏ ஆகாது. வாங்குகிறவர்களும் இப்படித்தான்: ஓடு பழுப்பாக இருந்தால் இரண்டு மடங்கு விலை தருகிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. வெள்ளை முட்டைக்காரன் என்ன பாவம் செய்தான்?

சோளம் பூஞ்சை வாடை அடித்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும், ஏ-யும் டி3-யும் உடம்பில் சரியாகச் சேராது. முதலில் அந்த மூட்டையை மாற்றுங்கள்.